மூல ஏடு யாரிடம்? முகவரியேடு, நாட்காட்டி ஒத்திசைவு பற்றிய சில குறிப்புகள்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க முற்பட்டோர் எதிர்நோக்கிய இடர்ப்பாடுகளுள் தலையாயது பாடபேதம் ஆகும். ஒரே நூலின் இரண்டு ஏடுகள் ஒன்றோடொன்று முரணும்பொழுது எதனை மூலத்துக்கு நெருங்கியதாகக் கொள்வது, எதனை ஏடெழுதினோர் பிழையெனத் தள்ளுவது என்னும் வினா, 1885ஆம் ஆண்டு சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டபொழுதும் எழுந்தது. 1887ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டபொழுதும் எழுந்தது. அவ்வினா இன்று ஏட்டுச்சுவடியைத் தொட்டும் அறியாதோரிடம் வந்து சேர்ந்துள்ளது. கைத்தொலைபேசியிலே ஒரு முகவரியேடு உண்டு. மடிக்கணினியிலே மற்றொன்று உண்டு. ஒன்றில் நண்பர் ஒருவரின் புதிய இலக்கம் இருக்கின்றது. மற்றதில் பழைய இலக்கம் இருக்கின்றது. ஒன்றின்படி கருத்தரங்கு வியாழக்கிழமை; மற்றதன்படி வெள்ளிக்கிழமை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. எனினும் எது சரியான பாடம் என்பதை எழுதியவரே சொல்லமாட்டாத நிலை ஏற்பட்டுவிடுகின்றது.

இவ்விரு ஏடுகளையும் தாமாகவே ஒன்றுக்கொன்று இயையச் செய்யும் முறையினையே ஒத்திசைவு என்கின்றோம். கைத்தொலைபேசி அன்ட்ரொயிட் வகையினதாகவும் மடிக்கணினி லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டதாகவும் உள்ளவிடத்து அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆயின் விளக்கம் கருவிகளோடு நின்றுவிட இயலாது. பதிப்பாசிரியனுக்கு மூல ஏடு எந்த மடத்தில், எந்தக் குடும்பத்தின் பெட்டகத்தில் கிடந்தது என்பது எத்துணை முக்கியமோ, இங்கும் மூல ஏடு யாருடைய காவலில் உள்ளது என்பது அத்துணை முக்கியமானதாகும். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் செல்லும் வீதியிலுள்ள கலகெதரவிலிருந்து இதனை எழுதுகின்றேன். இங்கே வலையமைப்பின் அலை வீட்டின் ஒரு சாளரத்தருகே வலிமையாகவும் அடுத்த அறையில் அறவே இன்றியும் இருப்பது வழமை. இச்சிறு விபரம் பின்னர் பயன்படும்.

இன்றைய வழக்கை முதலில் நோக்குவோம். புதிய கைத்தொலைபேசியை இயக்கத் தொடங்கும்பொழுதே அது ஒரு நிறுவனக் கணக்கினைக் கேட்கின்றது. அன்ட்ரொயிட் என்றால் அது கூகுள் கணக்கு. கணக்கைத் தந்தபின் நாம் எழுதும் பெயர்களும் இலக்கங்களும் அந்நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கின்றன. நமது கையில் இருப்பது பிரதி. மூல ஏடு அங்கே இருக்கின்றது. லினக்ஸ் மடிக்கணினியிலும் அதே கணக்கைப் பதிந்துகொண்டால் இரண்டாவது பிரதி கிடைத்துவிடும். பலர் இத்துடன் பிரச்சினை தீர்ந்தது எனக் கருதுகின்றனர். தொழினுட்ப நோக்கில் அது தீர்ந்ததுதான் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தீராதது உடைமை பற்றிய பிரச்சினை. முகவரியேட்டில் எழுதுவது நமது உழைப்பு. ஆனால் அதில் எழுதப்படுபவர்கள் பிறர். அவர்களது இலக்கம், இருப்பிடம், பிறந்த நாள் ஆகியவற்றைப் பிறிதோரிடத்தில் வைப்பதற்கு அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதர்க்கிடையிலான உறவு, பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம்பெறுவது பற்றி மார்க்ஸ் கூறியதை நாம் வகுப்பறைகளிற் பன்முறை விளக்கியிருக்கின்றோம். உறவுகளின் பட்டியலே மூலப்பொருளாகச் சேகரிக்கப்படும் நிலையை அவ்விளக்கத்துடன் பொருத்திப் பார்க்கத் தவறிவிடுகின்றோம்.

எனினும் இந்நிலை முரண்பாடற்றதன்று. போட்டியிடும் முதலாளித்துவ நிறுவனங்களுக்கும் பொதுமொழி ஒன்று தேவைப்படுகின்றது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியுடன் பேசாவிடின் இரண்டும் விலைபோகா. ஆகவே 1990களின் நடுப்பகுதியில் ஆப்பிள், ஏ.டி. அன்ட் டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் ஆகியவை கூடி அமைத்த வெர்சிட் என்னும் கூட்டமைப்பு, முகவரிகளுக்கு விகார்ட் என்றும் நாட்குறிப்புகளுக்கு விகலண்டர் என்றும் இரு எழுத்து வடிவங்களை வகுத்தது. அவை பின்னர் இணையப் பொறியியல் பணிக்குழுவின் பொது நியமங்களாயின. விகார்ட்டின் மூன்றாம் பதிப்பும் ஐகலண்டர் என்னும் புதுப்பெயர் பெற்ற நாட்காட்டி வடிவமும் 1998இல் வெளிவந்தன. வடிவம் மட்டும் போதாது. ஏடுகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழக்காறும் வேண்டும். 2007இல் நாட்காட்டிக்கெனக் கல்டேவ் நெறிமுறையும், 2011இல் முகவரியேட்டுக்கெனக் கார்ட்டேவ் நெறிமுறையும் நியமமாயின. இந்நியமங்கள் எவர்க்கும் உரியன. கட்டணமின்றி எவரும் படிக்கலாம்; அவற்றுக்கமைய மென்பொருள் எழுதலாம்.

பொதுமொழியை ஆக்கியவர்களே அதற்கு வேலியிட முற்படுவதும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. 2013 மார்ச்சில் கூகுள் நிறுவனம் தனது நாட்காட்டியைக் கல்டேவ் வழியே அணுகும் வாய்ப்பினைத் தான் ஏற்றுக்கொண்ட மென்பொருளாளர்க்கு மட்டுமே இனி வழங்குவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு ஜூனில் அம்முடிவைக் கைவிட்டது. வாயில் திறந்தே இருக்கின்றது என்பது உண்மை. திறப்பு யார் இடுப்பில் தொங்குகின்றது என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின. மலையக வரலாறு அறிந்தோர்க்கு இவ்விடத்தில் துண்டு முறை நினைவுக்கு வருதல்கூடும். கங்காணியும் அவனது ஆட்களும் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்லவேண்டுமாயின், அவர்தம் கடன் குறிக்கப்பட்ட துண்டு ஒன்றைத் துரையிடம் பெறவேண்டும்; புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தினாலன்றி விடுதலை இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. முகவரியேட்டை இழந்தவர் பசியால் வாடுவதில்லை. ஆயினும் வெளியேறும் உரிமையை ஒரு தாளின் வடிவமும் அதனைத் தருபவரின் விருப்பும் தீர்மானிக்கும் என்னும் அளவில் இரண்டுக்கும் உறவு உண்டு.

இனி ஒத்திசைவு நடைபெறும் விதத்தை நோக்குவோம். ஒவ்வொரு முகவரியும் தனித்தனிச் சிறு ஏடு. ஒவ்வொரு நிகழ்ச்சிக் குறிப்பும் அவ்வாறே. அவ்வேட்டினுள்ளே, பெயர் மாறினும் இலக்கம் மாறினும் தான் மாறாத அடையாளக் குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். நூற்பெயர் போன்றது அது. இரு ஏடுகளும் ஒரே நூலின் பிரதிகள் என்பதை அதனைக்கொண்டே கருவிகள் அறிகின்றன. மூல ஏடுகள் யாவற்றையும் வைத்திருந்து, கேட்கும் கருவிகட்கு எடுத்துக்கொடுக்கும் மென்பொருளினை வழங்கி என்பர். வழங்கி ஒவ்வோர் ஏட்டுக்கும் பதிப்புக் குறி ஒன்றினை இடும். ஏட்டில் ஓர் எழுத்து மாறினும் பதிப்புக் குறி மாறிவிடும். இவையன்றித் தொகுதி முழுவதற்குமான அடையாளச்சீட்டு ஒன்றும் உண்டு. கைத்தொலைபேசி வழங்கியிடம் சென்று, 'நான் இறுதியாக வந்தபொழுது தந்த சீட்டு இது. அதன்பின் மாறியவை எவை?' என்று கேட்கும். வழங்கி மாறியவற்றை மட்டும் தரும். நீக்கப்பட்டவை இவை எனவும் சொல்லும். ஐந்நூறு முகவரிகளுள் இரண்டே மாறியிருப்பின் இரண்டே பயணம் செய்யும்.

சிக்கல் எழுவது இரண்டு பக்கமும் ஒரே ஏடு திருத்தப்பட்டவிடத்து. கைத்தொலைபேசி தனது திருத்தத்தை அனுப்பும்பொழுது, 'நான் கண்டது இந்தப் பதிப்பு. அதுவே இன்னும் இருக்குமாயின் இதனை ஏற்றுக்கொள்' என்னும் நிபந்தனையோடு அனுப்பும். இடையில் மடிக்கணினி அதே ஏட்டைத் திருத்தியிருப்பின் பதிப்புக் குறி பொருந்தாது, வழங்கி மறுத்துவிடும். அப்பொழுது எப்பாடத்தைக் கொள்வது? பின்னர் நாம் குறிப்பிடவிருக்கும் டேவ்-எக்ஸ்-5 என்னும் செயலி வழங்கியின் பாடத்தையே ஏற்றுத் தனது திருத்தத்தைக் கைவிடுகின்றது. இது பதிப்பாசிரியர் வேலையன்று. நீதிமன்றப் பதிவாளர் வேலை. பொருள் நோக்கி, இடம் நோக்கிப் பாடம் தெரியும் ஆற்றல் கருவிக்கில்லை. எனவேதான் வழங்கி இருக்குமிடம் வெறும் வசதிப் பிரச்சினையாக அமையாமல், முரண்பட்டவிடத்து இறுதிச் சொல் யாருடையது என்னும் பிரச்சினையாகவும் அமைகின்றது.

வழங்கி என்றதும் குளிரூட்டிய பெருங்கட்டடங்களை நினைக்கவேண்டியதில்லை. ராடிகேல் என்பது பைத்தன் மொழியில் எழுதப்பட்ட சிறிய கட்டற்ற மென்பொருள். சாதாரண மடிக்கணினியிலேயே வழங்கியாக இயங்கவல்லது. அது ஏடுகளைத் தரவுத்தளம் எதனுள்ளும் பூட்டுவதில்லை. ஒரு கோப்புறையுள் ஒரு முகவரிக்கு ஒரு கோப்பு, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு கோப்பு என வைக்கின்றது. எந்த உரைத்தொகுப்பியிலும் அவற்றைத் திறந்து வாசிக்கலாம். பெரிய அமைப்புகட்கு நெக்ஸ்ட்கிளவுட் போன்ற விரிந்த மென்பொருள்கள் உண்டு. தனியொருவர்க்கோ சிறு சங்கத்துக்கோ அவை மிகை.

செய்முறை கடினமானதன்று. ராடிகேலை நிறுவியபின், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட கோப்பு ஒன்றினை ஆக்கி, அமைப்புக் கோப்பில் அதனைச் சுட்டவேண்டும். இயல்பாக அது தான் இருக்கும் கணினிக்கு மட்டுமே செவிசாய்க்கும். வீட்டு வலையமைப்பிலுள்ள ஏனைய கருவிகளுக்கும் 5232ஆம் வாயிலில் விடையளிக்குமாறு அதனை மாற்றவேண்டும். லினக்ஸில் தீச்சுவர் இயங்குமாயின் அதிலும் அவ்வாயிலைத் திறக்கவேண்டும். ரவுட்டர் மடிக்கணினிக்கு நாளுக்கொரு முகவரி தருதல் கூடுமாதலால், அதன் அமைப்புகளிலே மடிக்கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுதல் நன்று. பின்னர் உலாவியில் அம்முகவரியைத் திறந்து முகவரியேடு ஒன்றையும் நாட்காட்டி ஒன்றையும் தோற்றுவிக்கலாம். மடிக்கணினியிலே தண்டர்பேர்ட் அல்லது எவலூஷன் இவற்றைப் படிக்கும். தண்டர்பேர்ட் 2021இல் வெளிவந்த 91ஆம் பதிப்பிலிருந்து கார்ட்டேவை நேரடியாக ஏற்கின்றது. அதற்கு முன்னர் துணைநிரல் தேவைப்பட்டது.

கைத்தொலைபேசியின் பக்கமே இடர்ப்பாடு மிகுந்தது. அன்ட்ரொயிட் கூகுளின் வழக்காற்றைத் தன்னியல்பாக அறியும். பொது நியமங்களான கல்டேவையும் கார்ட்டேவையும் தானாக அறியாது. இக்குறையினை டேவ்-எக்ஸ்-5 நிரப்புகின்றது. அதுவும் கட்டற்ற மென்பொருளே. எஃப்-டிரொய்ட் களஞ்சியத்திலிருந்து இலவசமாகவும், கூகுளின் கடையிலே பணம் செலுத்தியும் பெறலாம். வழங்கியின் முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தந்தவுடன் அது தொகுதிகளைக் கண்டுபிடித்துக் காட்டும். வேண்டியவற்றைத் தெரிவுசெய்தால் போதும். இவ்விடத்தில் பலர் ஏமாற்றமடைகின்றனர். ஏனெனில் பழைய முகவரிகள் புதிய கணக்குக்குள் தாமாக வந்து சேர்வதில்லை. அவை கூகுள் கணக்கிலோ, கருவியிலோ, சிம் அட்டையிலோ கிடக்கும். முதலில் அனைத்தையும் ஒரு விகார்ட் கோப்பாக வெளியே எடுத்து மடிக்கணினியில் ஒரு படி வைத்துக்கொள்ளவேண்டும். பின் அக்கோப்பினைப் புதிய கணக்குள் இறக்கி, எண்ணிக்கையைச் சரிபார்த்து, அதன் பின்னரே பழைய கணக்கின் ஒத்திசைவை நிறுத்தவேண்டும். வரிசை மாறின் ஒவ்வொருவரும் இரட்டையராய்த் தோன்றுவர். புதிதாக எழுதும் முகவரிகள் எக்கணக்கில் சேரவேண்டும் என்பதையும் மாற்றியமைத்தல் வேண்டும். அதனை மறந்தால் நாம் விட்டுவந்த இடத்திலேயே நமது புதிய உறவுகள் சேர்ந்துகொண்டிருக்கும். மின்கலத்தைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை உறங்கவைக்கும் வழக்கம் சில கருவிகளுக்கு உண்டு. டேவ்-எக்ஸ்-5க்கு அதிலிருந்து விலக்களிக்கவேண்டும்.

கலகெதர போன்ற ஊரில் இவ்வேற்பாடு ஏன் பொருந்துகின்றது என்பதைக் கூறவேண்டும். கைத்தொலைபேசியில் ஏட்டின் முழுப்படியும் எப்பொழுதும் இருக்கும். அலை இல்லாதபொழுதும் எழுதலாம், திருத்தலாம். வீட்டு வைஃபையுடன் இணையும்பொழுது திருத்தங்கள் பரிமாறப்படும். இணைய இணைப்பே இதற்கு வேண்டியதில்லை. வீட்டினுள் ரவுட்டர் இயங்கினால் போதும். 2022 மார்ச் 31ஆம் நாள் நாடெங்கும் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். அத்தகைய நாளிலும், மின் வந்த சிறு இடைவெளியில் இரு ஏடுகளும் ஒன்றையொன்று கண்டு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வீட்டு வழங்கியை அணுகுவதுதான் கடினம். நடமாடும் வலையமைப்பின் வழிவரும் வீட்டு இணைப்புகள் பல ஒரே பொதுமுகவரியின் பின்னால் நிறுத்தப்பட்டிருப்பதால், பேராதனையில் இருந்துகொண்டு கலகெதரவிலுள்ள மடிக்கணினியைக் கூப்பிட்டால் அதற்குக் கேட்காது. முகவரியேட்டைப் பொறுத்தவரை மாலைவரை காத்திருப்பதால் வரும் நட்டம் எதுவுமில்லை. மறைகுறியாக்கம் இன்றி அமைத்திருப்போர் பொது இடத்து வைஃபையில் இதனை இயக்கக்கூடாது; கடவுச்சொல் வெளிப்படையாகவே பயணம் செய்யும்.

தமிழில் எழுதுவோர்க்கெனத் தனியான இடர்ப்பாடுகள் சில உண்டு. சங்கங்களின் பழைய உறுப்பினர் பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அவை கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியலே. யுனிகோடுக்கு மாற்றியபின்னரே முகவரியேட்டில் இறக்கவேண்டும். பழைய கைத்தொலைபேசிகள் வெளியிடும் விகார்ட் 2.1 கோப்புகளில் மற்றொரு விந்தையைக் காணலாம். யுனிகோடின் வழமையான எழுதுமுறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளைக் கொள்ளும். அப்பழைய வடிவமோ ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரு எழுத்தெண்களுமாக விரித்தெழுதும். ஆக ஒரு ககரம் ஒன்பது குறிகளாக நீளும். 'கி' என்பதற்குப் பதினெட்டு. கோப்பைத் திறந்தவர் பழுதடைந்துவிட்டது என்று எறிந்துவிடுவர். அது பழுதன்று, மாற்றத்தக்கதே. மேலும், ஒரு வரி 75 பைட்டுகளைத் தாண்டும்போது மடித்து எழுதவேண்டும் என்பது விதப்புரை. அதாவது 25 தமிழ்க் குறியீடுகள். கவனமற்ற மென்பொருள்கள் எழுத்தின் நடுவிலேயே மடித்து, மற்றொரு கருவி அதனை ஒட்டத் தெரியாமல் போகும்பொழுது நீண்ட குறிப்புகளில் வினாக்குறிகள் தோன்றும். விகார்ட்டின் நான்காம் பதிப்பு எழுத்தின் நடுவே மடிப்பதை வெளிப்படையாகவே தடைசெய்தது.

எழுத்தினும் ஆழமானது பெயர்ப் பிரச்சினை. விகார்ட் ஒரு மனிதரின் பெயரைக் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர், இடைப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்து கூறுகளாகப் பிரிக்கின்றது. தலைமுறைதோறும் தந்தைவழி மாறாது வரும் குடும்பப் பெயர் எல்லாச் சமூகங்களிலும் உண்டென்பது அப்பிரிப்பின் எடுகோள். சொத்துரிமையோடும் வாரிசுரிமையோடும் வளர்ந்த ஐரோப்பிய வழக்கம் அது. முத்துசாமியின் மகள் இராமாயிக்குக் குடும்பப் பெயர் எது? தந்தை பெயரை அவ்விடத்தில் இட்டால், அவள் பிள்ளைகள் வேறொரு 'குடும்பத்தில்' போய் அடுக்கப்படுவர். கண்டிச் சிங்களவரின் கெதரப் பெயர் முன்னே வரும்; முஸ்லிம்களின் பெயர் வேறொரு முறையில் அமையும். செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒன்றாகவும் பிறப்புச் சான்றிதழில் உள்ளது மற்றொன்றாகவும் இருந்தமையால் தோட்டத் தொழிலாளர் பட்ட அல்லல் நாம் அறியாததன்று. பெயரைக் கட்டத்துள் அடைப்போரின் வசதி எப்பொழுதும் பெயருடையோர் மீதே சுமையாகின்றது. மூன்றாம் பதிப்புவரை ஐங்கூற்றுப் பெயர் கட்டாயமாயிருந்தது. 2011இல் வந்த நான்காம் பதிப்பு, வழங்கும் பெயர் ஒன்றே கட்டாயம் என்று தளர்த்தியது. நடைமுறையில் நான் கைக்கொள்வது, முழுப்பெயரையும் வழங்கும் பெயரிலும் இடப்பட்ட பெயரிலும் எழுதிக் குடும்பப் பெயரை வெறுமையாக விடுவது. அன்ட்ரொயிட் சிலவேளை அதனைத் தானே கூறுபோட முயலும். அப்பொழுது மடிக்கணினிப் பக்கம் திருத்தினால் நிலைக்கின்றது.

நாட்காட்டிக்கு வருவோம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆலை முதலாளித்துவம் மணிக்கூட்டின் வழியாக உழைப்பாளரின் காலவுணர்வையே மாற்றியமைத்ததை விளக்கினார். பெரட்டுக்களத்தை அறிந்த மலையகத்துக்கு அது புதிய செய்தியன்று. நாட்காட்டி எப்பொழுதும் அதிகாரத்தின் கருவியாகவும் இருந்துவந்துள்ளது என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுகள் உள. 1966 முதல் 1971 வரை இலங்கையில் சனி ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டுப் போயாவும் அதற்கு முந்திய நாளும் வார விடுமுறையாக்கப்பட்டன. சந்திரனைப் பின்பற்றிய அவ்வாரம் ஏழு நாட்களில் அடங்கவில்லை. உலக வாணிபம் ஏழு நாட்களிலேயே நடந்தது. ஏற்பாடு கைவிடப்பட்டது. முழுமதிப் போயா இன்றும் பொது விடுமுறையாகும். ஐகலண்டரில் 'ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'ஒவ்வொரு முழுமதியும்' என்று எழுத வழியில்லை. 2015இல் வந்த விரிவாக்கம் கிரகோரியன் அல்லாத நாட்காட்டிகளுக்கு இடமளித்தது. ஆனால் அது சார்ந்துள்ள பட்டியலிற் காணப்படும் 'பௌத்த' நாட்காட்டி தாய்லாந்தினது. கிரகோரியன் ஆண்டெண்ணை மாற்றியது மட்டுமே. தமிழ் நாட்காட்டி அதில் இல்லை. வாக்கியமும் திருக்கணிதமும் தமக்குள்ளேயே ஒத்திசையாதபொழுது கணினியைக் குறைகூறி என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். ஆகவே போயா நாட்களை ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக எழுதுவதே வழி. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தானே வரும்.

மணி நேரத்தின் வரலாறு இதனினும் கூர்மையானது. 1996இல் நீர்மின் உற்பத்தி வீழ்ந்து மின்நெருக்கடி ஏற்பட்டபொழுது அரசு மே 25 முதல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் பின்தள்ளியது. அதன்பின் கிறீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்திய நேரமே 2006 ஏப்ரல் 15வரை நிலவியது. அன்று பழைய ஐந்தரை மணித்தியாலத்துக்கு நாடு திரும்பியது. நாட்காட்டிக் குறிப்பொன்றில் நேரத்தை மூன்று வகையில் எழுதலாம். உலகப் பொதுநேரமாக எழுதலாம். 'ஆசியா/கொழும்பு' என்ற வலயப் பெயரோடு உள்ளூர் நேரமாக எழுதலாம். வலயமே இன்றி வெறும் நேரமாகவும் எழுதலாம். 2000 ஜனவரி 15 காலை 10 மணிக்கு நடந்த கூட்டமொன்றை ஆவணப்படுத்துவதாகக் கொள்வோம். அது பொதுநேரத்தில் காலை 4 மணி. வலயத்தின் வரலாறு அறிந்த கருவி அதனை 10 மணி என்று காட்டும். இன்றைய ஐந்தரையை மட்டுமே அறிந்த கருவி 9.30 என்று காட்டும். இரு கருவிகளும் பிழையின்றி ஒத்திசைந்தபின்னரும் இவ்வேறுபாடு எஞ்சும். பாடம் ஒன்று, உரை இரண்டு.

அவ்வரலாற்றினைக் கருவிகள் எங்கிருந்து பெறுகின்றன? ஆர்தர் டேவிட் ஒல்சன் 1980களில் தொடக்கிவைத்துத் தொண்டர்கள் பேணிவந்த நேரவலயத் தரவுத்தொகுதியிலிருந்து. லினக்ஸும் அன்ட்ரொயிட்டும் அதனையே நம்பியுள்ளன. 2011 செப்டெம்பரில் சோதிட மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனமான அஸ்ட்ரோலேப், பழைய நேரமாற்றங்கள் பற்றிய விபரங்கள் தனது உடைமை எனக் கூறி ஒல்சன் மீதும் போல் எகர்ட் மீதும் வழக்குத் தொடர்ந்தது. ஊர் எப்பொழுது மணிக்கூட்டைத் திருப்பியது என்ற உண்மைக்கே உரிமை கோரிய வழக்கு அது! தொகுதி சில நாட்கள் வலையிலிருந்து அகற்றப்பட்டது. அக்டோபரில் இணையப் பெயர், எண்களுக்கான பொது அமைப்பு அதனைப் பொறுப்பேற்றது. 2012 பெப்ரவரியில் அந்நிறுவனம் வழக்கை மீளப்பெற்றது. இத்தொகுதியின் இலங்கைப் பகுதியை வாசித்தால், உரைக்குறிப்பாக ஒரு செய்தி காணப்படும். 1996ஆம் ஆண்டு மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை, தமது கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் ஐந்தரை மணித்தியால நேரத்தையே வைத்திருந்தனர் என்று 2006இல் ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி அது. பத்தாண்டுகள் ஒரே தீவில் இரண்டு மணிக்கூடுகள் ஓடின. ஆனால் தரவுத்தொகுதியில் வலயம் ஒன்றே. அக்காலத்து வன்னியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சரியாகப் பதியவிரும்புவோர் 'ஆசியா/கொழும்பு' என்று எழுதினால் அரை மணித்தியாலம் பிழைக்கும். வலயமின்றி எழுதி, குறிப்பில் விளக்கம் சேர்ப்பதே தக்கது. போர்க்கால ஆவணங்களையும் வாய்மொழி வரலாற்றையும் தொகுப்போர் இதனை மனங்கொள்ளவேண்டும். 'பத்து மணிக்கு' என்று ஒருவர் கூறும்பொழுது யாருடைய பத்து மணி என்று கேட்டறிதல் அவசியம்.

இதுவரை தனியொருவரின் ஏட்டையே கருதினோம். நமது தமிழ்ச் சங்கங்களின் நிலையை எண்ணிப்பார்க்கலாம். பேச்சாளர்கள், நாடகக் கலைஞர்கள், அச்சகத்தார், நிதியுதவியோர், பழைய மாணவர் ஆகியோரின் தொடர்புகள் அவ்வாண்டுச் செயலாளரின் கைத்தொலைபேசியில் இருக்கும். அவர் பட்டம்பெற்றுச் செல்லும்பொழுது அவையும் செல்லும். புதியவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். கூட்டுழைப்பால் திரண்டது தனியார் சட்டைப்பையில் மறைகின்றது. சங்கத்தின் பழைய மடிக்கணினியொன்றில் ராடிகேலை நிறுவி, பொது முகவரியேட்டை அதில் வைத்து, ஆண்டுதோறும் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக் கையளித்தால் இது தவிர்க்கப்படும். இத்தகைய முயற்சி நம் நாட்டுக்கு அந்நியமானதுமன்று. 2004 டிசெம்பர் கடல்கோளின்பின் இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டடிப்படையில் ஆக்கிய சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள் காணாமற்போனோரின் பதிவேட்டையும் உள்ளடக்கியிருந்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

குழுச்செயலிகளில் எல்லோரும் இருக்கின்றார்களே, தனி ஏடு எதற்கு என்போரும் உளர். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்முறை பரவியபொழுது, மார்ச் 7 முதல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவை ஒரு வாரமளவில் தடுக்கப்பட்டன. குழுவில் பெயராக மட்டும் அறிந்திருந்தவரைக் குரல்வழி அழைப்பதற்கு இலக்கம் வேண்டும். அது எழுதப்பட்டிருக்கவேண்டிய இடம் முகவரியேடே. அதேவேளை அவ்வேடு பிறர் கைக்குச் செல்லின் அதிலுள்ளோர் யாவரும் இனங்காணப்படுவர் என்பதால், மடிக்கணினியின் வட்டினை மறைகுறியாக்கி வைத்தல் கடமையாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒத்திசைவு காப்புப்படி ஆகாது. கைத்தொலைபேசியில் தவறுதலாக ஒருவரை நீக்கினால், ஒழுங்காக இயங்கும் ஒத்திசைவு மடிக்கணினியிலும் அவரை ஒழுங்காக நீக்கிவிடும். அச்சான பின் ஏடுகளைப் பேணாது விட்டதனால் நாம் இழந்த பாடங்கள் பல. ராடிகேலின் ஏடுகள் வெறும் கோப்புகளாதலால், ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்னும் பதிப்புக் காப்பகத்தில் தானாகவே பதியுமாறு அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்கலாம். எனக்கு நாட்டார் பாடல்கள் பாடித்தந்த மூதாட்டி ஒருவரின் ஏடு அவ்வாறு நான்குமுறை மாறியிருக்கின்றது. முதலில் இருந்தது லயத்துக்கு அண்மையிலுள்ள கடையொன்றின் இலக்கம், பின்னர் அவருடையது, அது துண்டிக்கப்பட்டபின் மகனுடையது, அதன்பின் கொழும்பில் வேலைசெய்யும் பேத்தியுடையது. சென்ற ஆண்டு பேத்தியின் இலக்கமும் மறுமொழி தராதபொழுது, காப்பகத்தில் முதற்பாடத்தைத் தேடியெடுத்துக் கடைக்கு அழைத்தேன். கடைக்காரர் பையன் ஒருவனை அனுப்பி அவரைக் கூப்பிடுவித்தார்.